துருவும் முலாமும்

புதுக்கோட்டையிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள குடுமியான்மலையின் பெயர் இசையறிஞர் அனைவருக்கும் பழக்கமானது. அங்குள்ள குடைவரைக் கோயிலை ஒட்டிய பாறை முகத்தில், ஏழு, எட்டாம் நூற்றாண்டுகளின் எழுத்தமைதியில், சுர வரிசைகள் ஏழு பகுதிகளாகப் பொறிக்கப்பட்டுள்ளன. அறிஞர் பலர் வந்து அதனைப் படித்து, ஆராய்ந்து, எழுதிச் சென்றுள்ளனர். அவ்வூரை அடுத்து வாழும் நமக்கோ, அப்பாறையைக் காணுந்தோறும் வேறோர் எண்ணம் எழுவதுண்டு. செதுக்கப்பட்ட கல் இருக்கின்றது. செதுக்கிய உளி எங்கே? கல்லை வெட்டும் அளவுக்கு வலியது இரும்பு. ஆயினும் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் எஞ்சி நிற்பது வெட்டுண்ட கல்லே. வெட்டிய உளிகள் துருப்பிடித்து மண்ணோடு மண்ணாகிவிட்டன.

மண்ணாகிவிட்டன என்று நாம் கூறுவது அணிநயத்துக்காக அன்று. நம் மாவட்டத்துச் செம்மண்ணும் செம்பாறையும் சிவந்திருப்பதற்குக் காரணம், அவற்றில் கலந்துள்ள இரும்பின் ஆக்ஸைடே. துருவும் அதே இனத்தைச் சேர்ந்த பொருள்தான். இயற்கையில் இரும்பு பிராணவாயுவோடு கூடிய கனியாகவே பெரும்பாலும் கிடைக்கின்றது. மனிதன் கரியையும் நெருப்பையும் கொண்டு அவ்விரண்டையும் பிரித்து இரும்பை எடுக்கின்றான். பிரிக்கப்பட்ட நாள் முதல் மீண்டும் பிராணவாயுவோடு கூடவே அது முயல்கின்றது. ஆகவே துருவேறுதல் இரும்புக்கு வந்த நோய் அன்று. தன் பழைய நிலைக்கு அது திரும்பும் வழியே ஆகும். அத்திரும்புதலைத் தடுக்க இயலாது, தாமதப்படுத்தத்தான் இயலும்.

எவ்வாறு துருவேறுகின்றது என்பதைச் சற்று விளங்கிக்கொள்வோம். வறண்ட காற்று மட்டும் இரும்பை எளிதில் துருவாக்காது. காற்று நீங்கிய தூய நீரும் அவ்வளவாக ஆக்காது. இரண்டும் ஒருங்கே வேண்டும். இரும்புத் தகட்டின்மீது ஒரு துளி நீர் தங்கியிருக்கின்றது என்று கொள்வோம். துளியின் விளிம்பில் காற்றிலுள்ள பிராணவாயு மிகுதியாகக் கரைகின்றது. நடுவில் குறைவாகக் கரைகின்றது. இந்த ஏற்றத்தாழ்வே அச்சிறு துளியை ஒரு மின்கலம் ஆக்கிவிடுகின்றது. நடுவிலுள்ள இரும்பு எலெக்ட்ரான்களை விடுத்து நீரில் கரைகின்றது. அந்த எலெக்ட்ரான்கள் தகட்டின் வழியே விளிம்புக்குச் சென்று பிராணவாயுவைச் சேர்கின்றன. கரைந்த இரும்பும் பிராணவாயுவும் நீரும் கூடிச் செந்நிறத் துருவாகப் படிகின்றன. நீரில் உப்புக் கலந்திருந்தால் மின்னோட்டம் எளிதாகி, அழிவும் விரைவாகின்றது. அன்றியும், துரு இறுகிய படலம் அன்று. அது பொரிந்து உதிர்கின்றது, ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்கின்றது. உதிர்ந்த இடத்தில் புதிய இரும்பு வெளிப்பட, மீண்டும் அதே கதை தொடர்கின்றது.

பள்ளிப் பாடமாகப் படித்து மறந்த இச்செய்தியை நாம் மீண்டும் தேடிப் படிக்க நேர்ந்தது ஒரு கூரையினால். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் வீசிய கஜா புயல் நம் மாவட்டத்தில் விளைத்த சேதத்தை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. தென்னைகள் வேரோடு சாய்ந்தன. ஓடுகளும் கீற்றுகளும் பறந்தன. கோட்டைப்பட்டினக் கடற்கரையில் வாழும் நம் மாமி, நம் அத்தாவின் உடன்பிறந்தவர், கணவரை இழந்தவர். அவருடைய வீட்டுக் கூரையும் போயிற்று. நம் வீட்டு மாட்டுக் கொட்டகையின் கூரையும் போயிற்று. புயலுக்குப் பிந்திய அந்நாட்களில் தகரத் தகடு கிடைப்பதே அரிதாக இருந்தது. கிடைத்த ஒரு கடையில், கிடைத்த விலைக்கு, ஒரே கட்டாக வாங்கினோம். பாதியைக் கோட்டைப்பட்டினத்துக்கு அனுப்பிவைத்தோம். பாதியைக் கொட்டகைக்கு இட்டோம். பளபளவென்று வெள்ளிபோல் மின்னிய தகடுகள் அவை. பழைய கூரையைவிட இது மேலென்று மாமி மகிழ்ந்தார்.

மூன்றாவது மழைக்காலம் கழிந்தபோது மாமி வீட்டுத் தகடுகளின் ஓரங்களிலும் ஆணி அடித்த இடங்களிலும் செங்கோடுகள் இறங்கியிருந்தன. ஐந்தாம் ஆண்டில் ஓட்டைகள் விழுந்தன. “இந்த வருஷம் மழைக்கு முந்தி மாத்தியாகணும் தம்பி. எப்படின்னுதான் தெரியல” என்று அவர் நம்மிடம் சொன்னார். ஓராண்டு முழுதும் வலை பின்னியும் கருவாடு விற்றும் சேர்த்த பணம் ஒரு கூரைக்கே போய்விடும் நிலைமை அவருடையது. அதே கட்டைச் சேர்ந்த நம் கொட்டகைத் தகடுகளோ அப்போது நிறம் மங்கியிருந்தனவேயன்றித் துருவேறவில்லை. ஏழாம் ஆண்டில்தான் அவற்றிலும் சிவப்புத் தோன்றலாயிற்று. அதற்கு அருகிலேயே, நம் அத்தா தம் இளமையில் வேய்ந்த நெல் அறையின் தகரக் கூரை, நாற்பது ஆண்டுகள் கடந்தும், மங்கிய சாம்பல் நிறத்தோடு உறுதியாக நிற்கின்றது. பார்வைக்கு மூன்றும் தகரமே. ஒன்று ஐந்தாண்டில் ஓட்டையாயிற்று. ஒன்று ஏழாண்டு தாங்கிற்று. ஒன்று நாற்பதாண்டு நிற்கின்றது. இந்த வேறுபாடு எதனால்? விடை இரும்பில் இல்லை. இரும்பின்மேல் பூசப்பட்ட முலாமில் இருக்கின்றது.

ஓர் உலோகத்தின்மீது மற்றோர் உலோகத்தைப் பூசிக் காப்பது நம் இல்லங்களுக்குப் புதியதன்று. விருந்துக்குச் சோறாக்கும் செம்புத் தேக்சாக்களுக்குக் கலாய் பூசும் காட்சியை வாசக அன்பர்களில் பலர் கண்டிருப்பர். கலாய்க்காரர் துருத்தியை மிதித்துக் கரி நெருப்பை எழுப்புவார். பாத்திரம் சூடேறியதும் நவச்சாரத்தைத் தூவுவார், வெண்புகை எழும். வெள்ளீயத் துண்டைத் தேய்த்துப் பஞ்சினால் ஒரு சுற்றுச் சுற்றினால் செம்பு மறைந்து வெள்ளி ஒளி பரவும். செம்பில் புளிப்புப் பட்டால் களிம்பு ஏறும்; உணவு நஞ்சாகும். அதனைத் தடுக்கும் திரையே அந்த ஈயப் பூச்சு.

அதே வெள்ளீயத்தை இரும்புத் தகட்டின்மீது மெல்லப் பூசியதே எண்ணெய் டின்னும் பிஸ்கட் டப்பாவும். வெள்ளீயம் துருவேறாது, அதன் அடியிலுள்ள இரும்புக்குக் காற்றும் நீரும் எட்டாமல் மறைத்துக்கொள்ளும். ஆனால் ஒரு கீறல் விழுந்தால் என்ன ஆகும்? உலோகங்களுக்குள் எலெக்ட்ரானை விட்டுக்கொடுக்கும் இயல்பில் ஒரு வரிசை உண்டு. துத்தநாகம் இரும்பைவிட எளிதில் விட்டுக்கொடுக்கும். இரும்பு வெள்ளீயத்தைவிட எளிதில் விட்டுக்கொடுக்கும். வெள்ளீயம் செம்பைவிட எளிதில் விட்டுக்கொடுக்கும். இரண்டு உலோகங்கள் ஈரத்தில் ஒட்டியிருந்தால், எளிதில் கொடுப்பது கரையும், மற்றது பிழைத்துக்கொள்ளும். ஆகவே வெள்ளீயம் பூசிய தகட்டில் கீறல் விழுந்தால், வெளியில் மழை நனையும் இடத்தில், கரைவது இரும்பே. அதுவும் பூச்சில்லாத இரும்பைவிட விரைவாகக் கீறலின் வாயிலேயே குழிவிழும். நிக்கல் முலாமும் அத்தகையதே. நிக்கலின்மேல் குரோமியம் ஏற்றிய சைக்கிள் கைப்பிடி கண்ணாடிபோல் ஒளிரும். ஆயினும் அதில் ஊசிமுனை அளவு துளை ஏற்பட்டால், உள்ளே துரு பரவி மேற்பூச்சைப் பெயர்த்து எறிந்துவிடும். இவையெல்லாம் முழுமையாக இருக்கும்வரை மட்டுமே அரண். ஒரு கல் பெயர்ந்த கோட்டை, எதிரிக்கு வாயிலாகிவிடுவதைப் போன்றது இது.

துத்தநாகத்தின் முறை வேறு. அது முதலில் அரணாக நிற்கின்றது. காற்றும் ஈரமும் பட்டு அதன் மேற்பரப்பு ஆக்ஸைடாகி, பின்னர்க் காற்றிலுள்ள கரியமிலவாயுவையும் ஏற்று, மெல்லிய, இறுகிய சாம்பல் நிறப் படலம் ஒன்றைப் போர்த்திக்கொள்கின்றது. புதுத் தகட்டின் பளபளப்பு மங்கிவிட்டதே என்று வருந்துவோர் உண்டு. உண்மையில் அம்மங்கலே காவலுக்கு அடையாளம். அடுத்து, கீறல் விழுந்து இரும்பு வெளிப்பட்டாலும் துத்தநாகம் கைவிடுவதில்லை. எளிதில் கரைவது தானாகையால், அருகிலுள்ள துத்தநாகம் தன்னைக் கரைத்து எலெக்ட்ரான்களை இரும்புக்கு அனுப்புகின்றது. அதனால் சிறிய கீறலிலும் வெட்டு ஓரத்திலும் உள்ள இரும்பு கரையாமல் பிழைக்கின்றது. அழகில் குரோமியத்துக்கும் ஒளியில் வெள்ளீயத்துக்கும் ஈடில்லாத இந்த மங்கிய உலோகமே, புண்பட்ட இரும்பையும் காக்கும் ஆற்றல் பெற்றிருக்கின்றது. ஆனால் இக்காவலுக்கு ஒரு விலை உண்டு. காக்கக் காக்கத் துத்தநாகம் தேய்ந்துகொண்டே வருகின்றது. அது தீர்ந்த அன்று காவலும் தீர்ந்தது. நம் கூரையின் கதையைப் புரிந்துகொள்ள இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் போதும்.

இந்த உலோகத்தோடு நம் நாட்டுக்குள்ள உறவு நெடியது. துத்தநாகத்தைக் கனியிலிருந்து பிரிப்பது கடினம். 907 பாகை சென்டிகிரேடில் அது ஆவியாகி, காற்றுப் பட்டதும் எரிந்து வெண்பொடியாகிவிடும். இராஜஸ்தானத்தில் உதயப்பூரை அடுத்த ஜாவர் என்னுமிடத்தில், கத்தரிக்காய் வடிவ மண்கலங்களில் கனியை அடைத்துக் கவிழ்த்துச் சூடாக்கி, ஆவியைக் கீழ்நோக்கி இறக்கிக் குளிரவைத்து உலோகமாக்கும் முறையை, ஐரோப்பியர் அறிவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே பெருமளவில் கையாண்டுள்ளனர். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் வில்லியம் சாம்பியன் துத்தநாகம் வடிக்கும் முறைக்கு உரிமம் பெற்றது 1738-இல்தான். தக்காணத்துப் பீதர் நகரின் பெயர்பெற்ற பீதரிக் கலைப்பொருள்களும் பெரும்பகுதி துத்தநாகத்தால் வார்க்கப்பட்டு வெள்ளி இழைக்கப்பட்டவையே.

இரும்புக்குத் துத்தநாகம் பூசலாம் என்னும் கருத்து 1742-இல் பிரெஞ்சு வேதியியலார் மலூவான் பாரிஸ் அறிவியற் கழகத்தின் முன் எடுத்துரைத்தது. 1824-இல் ஆங்கிலேயர் ஹம்ப்ரி டேவி, போர்க்கப்பல்களின் அடியில் பொதிந்த செம்புத் தகட்டைக் கடல்நீர் அரிப்பதைத் தடுக்க, அதனோடு துத்தநாகம் அல்லது இரும்புத் துண்டுகளைப் பொருத்திக் காட்டினார். செம்பு காப்பாற்றப்பட்டது. ஆனால் செம்பு கரையாமையால் சிப்பிகள் கப்பலின் அடியில் ஒட்டிக்கொண்டன. கப்பல்கள் வேகம் குறைந்தன. முயற்சி கைவிடப்பட்டாலும், ஓர் உலோகம் தன்னைத் தந்து மற்றொன்றைக் காக்கும் என்னும் உண்மை நிலைநாட்டப்பட்டது. 1837-இல் பிரான்ஸ் நாட்டு ஸ்தனிஸ்லாஸ் சொரேல், உருகிய துத்தநாகத்தில் இரும்பைத் தோய்க்கும் முறைக்கு உரிமம் பெற்றார். தவளைக் காலில் மின்துடிப்பைக் கண்ட கால்வானியின் பெயரே அம்முறைக்கு இடப்பட்டது. கடைத்தெருவில் நாம் ஜி.ஐ. குழாய், ஜி.ஐ. கம்பி என்று சொல்கின்றோமே, அந்த முதல் எழுத்து கால்வானியின் நினைவுதான்.

தோய்க்கும் முறையும் நம் கலாய்க்காரரின் முறைக்கு உறவுடையதே. இரும்பின் எண்ணெய்ப் பசையைக் காரத்தால் நீக்கி, துருவை அமிலத்தால் கழுவுகின்றனர். பல ஆலைகளில் அதன்பின் நவச்சாரமும் துத்தநாகக் குளோரைடும் சேர்ந்த கரைசலில் நனைக்கின்றனர். தேக்சாவில் தூவப்பட்ட அதே நவச்சாரம், அதே பணியைத்தான் இங்கும் செய்கின்றது. பரப்பைத் தூய்மையாக்கி உலோகம் உலோகத்தைப் பற்ற வழிசெய்கின்றது. துத்தநாகம் ஏறத்தாழ 420 பாகையில் உருகும். 450 பாகையளவில் உள்ள தொட்டியில் இரும்பு மூழ்கும்போது, இரண்டும் எல்லையில் கலந்து இடைப்படலம் ஒன்று உண்டாகின்றது. ஆதலால் இம்முலாம் சுண்ணாம்புபோல் மேலே ஒட்டியிருப்பதன்று, இரும்போடு பிணைந்திருப்பது.

இனிக் கணக்குக்கு வருவோம். முலாம் இத்தனை கனம் என்று கண் சொல்லாது. ஒரு சதுர மீட்டர்த் தகட்டின் இருபுறமும் சேர்த்து எத்தனை கிராம் துத்தநாகம் உள்ளது என்பதே அதன் அளவை. கூரைத் தகடுகளுக்குரிய இந்தியத் தரம் ஐ.எஸ். 277. அதில் 275, 180, 120 என்பன போன்ற வகுப்புகள் உள்ளன. 275 என்றால் ஒரு புறத்துக்கு 137.5 கிராம், கனத்தில் ஏறத்தாழ 19 மைக்ரான். 120 என்றால் ஒரு புறத்துக்கு 60 கிராம்; 8 மைக்ரானுக்குச் சற்று மேல். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடி ஒன்றின் பருமன் 70 மைக்ரான் அளவில் இருக்கும். ஆக, முடியில் நாலில் ஒரு பங்கா, எட்டில் ஒரு பங்கா என்பதே நம் கூரையின் ஆயுளைத் தீர்மானிக்கும் வழக்கு.

காற்றின் தன்மையை அனைத்துலகத் தரநிலை பல படிகளாகப் பிரித்துள்ளது. நடுத்தரப் படியில் துத்தநாகம் ஆண்டுக்கு 0.7 முதல் 2.1 மைக்ரான் வரை தேயும். அதே காற்றில் வெற்றிரும்பு 25 முதல் 50 மைக்ரான் வரை அரிக்கப்படும். உப்புக் காற்று மிகுந்த கடுமையான படியிலோ துத்தநாகம் ஆண்டுக்கு 4.2 முதல் 8.4 மைக்ரான் வரை தேயும். இவ்வெண்களைக் கொண்டு வகுத்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடுகின்றது. 120 வகுப்புத் தகடு நடுத்தரக் காற்றில் 4 முதல் 12 ஆண்டுகள் தாங்கும். கடுமையான கடற்காற்றில் ஓரிரண்டு ஆண்டுகளே தாங்கும். 275 வகுப்புத் தகடு நடுத்தரக் காற்றில் 9 முதல் 27 ஆண்டுகள் தாங்கும். கடுமையான கடற்காற்றில் 2 முதல் 4 ஆண்டுகளுக்குச் சற்று மேல். குடுமியான்மலைப் பகுதி கடலை விட்டு உள்ளடங்கிய வறண்ட நிலம்; கோட்டைப்பட்டினம் அலையோரம். ஒரே கட்டுத் தகடு இரண்டு இடங்களில் இரண்டு விதமாக நடந்துகொண்டதன் காரணம் இதுவே. அத்தாவின் பழைய கூரை நாற்பதாண்டு நிற்பதற்கும், கனத்த முலாமும் வறண்ட காற்றும் அன்றி வேறு மாயம் எதுவும் இல்லை.

நம் அத்தா சிறு இரும்புச் சாமான் கடை ஒன்றைப் பல்லாண்டுகள் நடத்தியவர். கண்ணால் பார்த்துத் தகடு வாங்கலாகாது, தராசில் ஏற்றி வாங்கவேண்டும் என்பது அவர் வழக்கம். கனம் குறைந்த தகட்டைக் கனத்த தகடென்று விற்பவரைத் தராசு காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் முலாமின் குறையைத் தராசும் காட்டிக்கொடுப்பதில்லை. 0.4 மில்லிமீட்டர்த் தகடு ஒரு சதுர மீட்டர் மூன்று கிலோவுக்குச் சற்று மேல் எடையுள்ளது. அதில் துத்தநாகம் 275 கிராமா, 120 கிராமா என்பதை இரும்பின் எடை மறைத்துவிடும். கிராமங்களில் தகடு விற்கும்போது நீளம், அகலம், கனம், விலை இவை நான்குமே பேசப்படுகின்றன. முலாமின் அளவை விற்பவரும் சொல்வதில்லை, இரசீதிலும் எழுதுவதில்லை. நாம் வாங்கிய கட்டின் இரசீதிலும் அது இல்லை.

அளவையிலும் நிறுவையிலும் குறைசெய்வதைப் பற்றி மறை விடுத்துள்ள எச்சரிக்கையை அறியாத வணிகர் நம்மில் இலர். மரக்காலும் தராசும் உள்ள இடத்தில் அதற்கு அஞ்சி நடப்போர் பலர். மரக்காலுக்கும் தராசுக்கும் எட்டாத இந்த எட்டு மைக்ரானில், பத்தொன்பது மைக்ரானில் அந்த அச்சம் எத்தனை பேருக்கு இருக்கின்றது? குறைந்த முலாமை விற்பது குற்றமன்று. அதற்கும் உரிய இடம் உண்டு, உரிய விலை உண்டு. குறைந்தது என்று சொல்லாமல் விற்பதே குற்றம். வசதியுள்ளவர் கட்டுவது காங்கிரீட் மாடி. தகரத்தின் அடியில் உறங்குவோர் கூலியாட்கள், மீனவர், கணவரை இழந்த பெண்டிர். இந்தக் குறையின் முழுச் சுமையும் அவர்கள் தலையிலேயே ஒழுகுகின்றது.

அறியும் வழி இல்லையென்று சொல்லிவிடவும் இயலாது. புதுக்கோட்டைக்குத் தெற்கே, காரைக்குடியில், வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் நல்க, 1948-இல் பண்டித நேரு அடிக்கல் நாட்டி, 1953 சனவரியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றது. உலோக அரிமானமும் முலாமும் அதன் தலையாய ஆய்வுத் துறைகளுள் சேர்ந்தவை. கடற்காற்றில் உலோகங்கள் எவ்வாறு அழிகின்றன என்பதைக் காண, மண்டபத்திலும் அதற்கு ஓர் ஆய்வுக்கூடம் உண்டு. அங்கிருந்து சற்றுத் தொலைவில்தான் பாம்பன் பாலம். 1914 பிப்ரவரியில் திறக்கப்பட்ட பழைய இரும்புப் பாலம், ஓயாத உப்புக் காற்றோடு நூறாண்டுகளுக்கு மேல் போராடிற்று. இடையறாத பராமரிப்பே அதனை நிறுத்தி வைத்திருந்தது. அரிமானம் முற்றியதால் 2022 டிசம்பரில் அதன்மீது இரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் புதிய பாலம் திறக்கப்பட்டது. அப்பாலத்தின் எஃகுக்குத் துத்தநாகத்தை உருக்கித் தெளித்து, அதன்மேல் கடற்காற்றைத் தாங்கும் சிறப்பு வண்ணப் பூச்சும் இட்டுள்ளனர். கடலோரத்தில் துத்தநாகம் மட்டும் போதாது. அதன்மேல் ஒரு வண்ணப் போர்வையும் வேண்டும் என்பதே அதில் உள்ள பாடம். இரண்டும் சேரும்போது, தனித்தனியே தாங்கும் ஆண்டுகளின் கூட்டுத்தொகையைவிட நெடுங்காலம் தாங்குவதையும் அறிஞர் கண்டுள்ளனர். பாலத்துக்குச் செய்த அதே எண்ணத்தைக் கூரைக்கும் செய்யலாம்.

தகடு வாங்கும் அன்பர்கள் மனங்கொள்ளத்தக்க சில செய்திகளைக் கூறுவோம். தரமான தகட்டில் ஐ.எஸ். எண்ணும் முலாமின் வகுப்பும் அச்சிடப்பட்டிருக்கும். அதைக் காட்டும்படி கேளுங்கள். இன்று அலுமினியம் நூற்றுக்கு 55 பங்கும் துத்தநாகம் 43 பங்குக்குச் சற்று மேலும், எஞ்சியது சிலிக்கானும் கலந்த முலாமுள்ள தகடுகளும் பெருவழக்காகிவிட்டன. அவற்றுக்கும் சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்னும் அளவு உண்டு. கம்பியாயின், எளிய சோதனை ஒன்று நெடுங்காலமாக வழங்குகின்றது. மயில்துத்தக் கரைசலில் கம்பியை ஒவ்வொரு நிமிடமாக நனைத்தெடுத்துக் கழுவிப் பார்ப்பர். முலாம் உள்ளவரை கருமை படியும். முலாம் தீர்ந்ததும் இரும்பின்மேல் செம்பு ஒளிரும். எத்தனை முறை தாங்கிற்று என்பதே முலாமின் சீரைச் சொல்லும்.

வாங்கிய பின்னும் பேணுதல் வேண்டும். கட்டாக அடுக்கிய தகடுகளுக்கிடையே மழைநீர் புகுந்தால் காற்றோட்டமின்றி வெண்துரு படியும். ஆதலால் நனையாமல், சற்றுச் சாய்த்து வைக்கவேண்டும். செம்புக் கம்பியைத் தகட்டின்மீது படரவிடலாகாது. செம்பைத் தொட்டு வரும் நீரும் துத்தநாகத்தைத் தின்றுவிடும். மாட்டுக் கொட்டகையில் கோமியத்தின் ஆவியும், உர மூட்டைகளின் உப்பும் முலாமுக்குப் பகை. காற்றோட்டம் வைப்பது நன்று. கூரையில் சருகும் மண்ணும் தங்கி ஈரம் காக்காதபடி ஆண்டுக்கொரு முறை கூட்டிவிடவேண்டும். முதற்செம்புள்ளி தோன்றிய அன்றே, துருவைத் தேய்த்து நீக்கி, துத்தநாகப் பொடி மிகுந்த வண்ணத்தைப் பூசினால், கூரையின் ஆயுள் மேலும் சில ஆண்டுகள் நீளும்.

மாமி வீட்டுக்குச் சென்ற ஆண்டு மீண்டும் கூரை வேயப்பட்டது. உறவினர் பலரும் பங்கிட்டுக்கொண்டனர். இம்முறை புதுக்கோட்டையில் மூன்று கடைகளில் முலாமின் வகுப்பைக் கேட்டோம். இரண்டு கடைகளில் அக்கேள்வியே விளங்கவில்லை. மூன்றாவது கடையிலிருந்த இளைஞர் தகட்டைப் புரட்டி, பின்புறம் அச்சிட்டிருந்த 275 என்னும் எண்ணைக் காட்டினார். கேட்டுக்கொண்டபடி இரசீதிலும் அதை எழுதிக்கொடுத்தார். விலை சிறிது கூடுதல்தான். ஆயினும் ஆண்டுக் கணக்கில் வகுத்துப் பார்த்தால் முன்னதைவிட மலிவு. கடலோரமாதலால் அதன்மேல் வண்ணமும் பூசினோம்.

துத்தநாகம் தன் பணியைச் சொல்லாமல் செய்து சொல்லாமல் தேய்வது. அதனிடம் நாம் வேறெதையும் எதிர்பார்க்க இயலாது. ஆனால் அதனை விற்போர் சொல்லலாம், வாங்குவோர் கேட்கலாம். கூரைத் தகடு விற்கும் ஒவ்வொரு கடையிலும் நீளம், அகலம், கனம் ஆகியவற்றோடு முலாமின் அளவும் இரசீதில் ஒரு வரியாக இடம்பெறுமாயின், நம் ஊர்களில் எத்தனையோ வீடுகள் மழைக்காலத்தை அச்சமின்றி எதிர்கொள்ளும். இரும்புக் கடை நடத்தும் அன்பர்கள் இதழின் வாசகர்களிலும் பலர் உளர். அந்த ஒரு வரியை எழுதத் தொடங்குமாறு அவர்களை வேண்டிக்கொள்கின்றோம்.